ஐஸ்பெட்டி தின்ற சம்பளம்



கடைசி மணி அடித்தாயிற்று. வேன்களும் மோட்டார் சைக்கிள்களும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டன. அதன் பிறகும் எங்கள் பள்ளித் தாழ்வாரத்தில் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தாள். ஆறாம் ஆண்டு மாணவி. பெஞ்சியில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். முதல் நாள் நான் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் நாளும் இருந்தாள். நான்காம் நாள்தான் பக்கத்தில் போய், “ஏம்மா, வீட்டுக்குப் போகலையா?” என்று கேட்டேன்.

“இங்கேயே முடிச்சிட்டுப் போறேன் டீச்சர். ராத்திரியில எழுத முடியாது” என்றாள்.

“ஏன்?”

தலையைக் குனிந்துகொண்டாள். சற்று நேரம் கழித்து, “லைட்ட வெட்டிட்டாங்க டீச்சர்” என்றாள்.

அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போனேன். எங்கள் பள்ளியிலிருந்து அரைக் கல் தொலைவில் உள்ள லயம். தகரக் கூரை. வாசலில் அவள் தகப்பனார் சாய்வு நாற்காலியில் கிடந்தார். செம்பனைக் குலை தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டதாம்; இரண்டு மாதமாகச் சரியாக வேலைக்குப் போகவில்லை. மூன்று மாத மின்கட்டணம் நின்றுபோய்விட்டது.

தாயார் பழைய பில்களை எடுத்துக் காட்டினார். மாதம் 260 யூனிட். ஐம்பத்தேழு வெள்ளி. சிறிய வீடு, இரண்டு அறை. இவ்வளவு எப்படி வரும்?

வாசகர்களே, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியராக இருபது ஆண்டுகளைக் கழித்தவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாரைக் கண்டாலும் பாடம் நடத்தத் தொடங்கிவிடுவோம். நானும் தொடங்கினேன். விளக்கை அணையுங்கள், காத்தாடியை நிறுத்துங்கள், இந்தப் பழைய ஐஸ்பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஐந்து நட்சத்திர ஐஸ்பெட்டி வாங்குங்கள், மாதா மாதம் மிச்சமாகும் என்றெல்லாம் அடுக்கினேன்.

அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “மிச்சமாகும்னு எனக்கும் தெரியும் டீச்சர். ஆனா மிச்சமாகுற காசு மாசா மாசம் கொஞ்சங் கொஞ்சமா வரும். கடைக்காரரு ஆயிரம் வெள்ளிய இன்னைக்கே கேக்குறாரே.”

எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. மக்தாப்பில் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கிய நான் அரை மணி நேரம் பேசியதை, அவர் இரண்டு வரியில் திருத்திவிட்டார். அன்று இரவு எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. இந்த மாதம் உங்களோடு பேச வந்திருப்பதும் அதைப் பற்றித்தான்.

நான் சிறுமியாக இருந்த 1980களில் எங்கள் தோட்டத்தில் மின்சாரம் என்பது ஓர் எஞ்சினின் சத்தம். மாலையில் எஞ்சினை ஓட்டுவார்கள். லயம் முழுக்க விளக்கு எரியும். இரவு பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள். அதற்குள் படித்து, சாப்பிட்டு, பாயை விரித்துவிட வேண்டும். சிக்கனம் பற்றி அன்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. எஞ்சின்காரரே எங்களுக்காகச் சிக்கனம் பிடித்துவிட்டார். இன்று இருபத்து நான்கு மணி நேரமும் மின்சாரம் இருக்கிறது. மீட்டரும் இருபத்து நான்கு மணி நேரமும் ஓடுகிறது. அதைக் கவனிப்பது நம் பொறுப்பாகிவிட்டது.

கவனிக்க முதலில் கணக்குத் தெரிய வேண்டும். ஆயிரம் வாட் பொருள் ஒரு மணி நேரம் ஓடினால் அது ஒரு யூனிட். அவ்வளவுதான் சூத்திரம். பழைய சோக்கு வைத்த நான்கடிக் குழல் விளக்கு சுமார் 45 வாட் எடுக்கும். அதே வெளிச்சம் தரும் எல்.இ.டி. குழல் சுமார் 18 வாட். தினம் ஆறு மணி நேரம் எரித்தால் மாதத்துக்குப் பழையது 8 யூனிட், புதியது 3 யூனிட்டுக்குச் சற்று மேல். ஒரு விளக்கில் மிச்சம் 5 யூனிட்.

தீபகற்ப மலேசியாவில் 2025 ஜூலை 1ஆம் தேதி முதல் கட்டண முறை மாறியது. மின் உற்பத்தி, கொள்திறன், கம்பிவடம் என்று மூன்று கட்டணங்களையும் கூட்டினால், மாதம் 1,500 யூனிட்டுக்கு மேற்படாத வீடுகளுக்கு யூனிட் 44.43 காசு. ஆனால் குறைவாகப் பயன்படுத்தும் வீட்டுக்குச் சிக்கன ஊக்கச் சலுகை உண்டு. மாதம் 200 யூனிட்டுக்குள் இருந்தால் யூனிட்டுக்கு 25 காசு கழித்துவிடுகிறார்கள், யூனிட் 19.43 காசுக்கு வந்துவிடும். பயன்பாடு கூடக் கூடச் சலுகை படிப்படியாகக் குறைந்து, 1,000 யூனிட்டைத் தாண்டினால் இல்லாமற்போகும். மாதம் பத்து வெள்ளி சில்லறைக் கட்டணமும் உண்டு. 600 யூனிட் வரை உள்ள வீடுகளுக்கு அது இல்லை.

சிறிய வீட்டுக்கு இது நல்ல உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் இதற்குள் ஒரு முடிச்சும் இருக்கிறது. நான் சொன்ன அந்த ஒரு விளக்கை மாற்றினால், யூனிட் 20 காசு கட்டும் லயத்து வீட்டில் மாதம் மிச்சம் ஒரு வெள்ளி. 44 காசு கட்டும் பெரிய வீட்டில் மிச்சம் இரண்டு வெள்ளிக்கு மேல். விளக்கின் விலையோ இருவருக்கும் ஒன்றே. ஆக, போட்ட முதல் திரும்பி வருவதற்குப் பெரிய வீட்டுக்காரர் ஆறு மாதம் காத்திருந்தால், லயத்து வீட்டுக்காரர் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். காத்திருக்க வசதி இருப்பவருக்கு விரைவில் வருகிறது. வசதி இல்லாதவருக்குத் தாமதமாக வருகிறது. “ஏன் ஏழைகள் நல்ல பொருளாக வாங்குவதில்லை?” என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

அந்த அம்மாளின் பதிலுக்குப் பிறகு, எனக்குத் தெரிந்த வீடுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எல்லா வீட்டிலும் மின்சாரம் வீணாகிறது. ஆனால் வீணாகும் காரணம் வீட்டுக்கு வீடு வேறாக இருக்கிறது. நீங்களும் என்னோடு வாருங்கள். நான்கு வாசற்படிகளை மிதித்துவிட்டு வருவோம்.

முதல் வீடு, நாம் பார்த்த அதே வீடு. இங்கே குறை மொத்தப் பணம். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. நான்கு பேர் குடும்பத்தில் அரிசி, பள்ளி வேன், மருந்து, மோட்டார் சைக்கிள் தவணை என்று போனபின் ஆயிரம் வெள்ளியை எங்கே தேடுவது? ஆகவே பட்டணத்தில் பழைய சாமான் கடையில் 250 வெள்ளிக்குக் கிடைத்ததை வாங்கினார்கள். வாங்கும்போது மலிவு. பிறகு மாதா மாதம் அது சம்பளத்தில் ஒரு வாய் தின்றுகொண்டே இருக்கிறது.

இரண்டாவது வீடு, அதே லயத்தில் அடுத்த கதவு. இவர்கள் வீட்டில் ஐஸ்பெட்டி நல்லதுதான். ஆனால் பகல் பதினொரு மணிக்கு மேல் தகரம் காய்ந்து வீடே அடுப்பாகிவிடுகிறது. மூன்று காத்தாடி ஓய்வின்றி ஓடுகிறது. கூரைக்குக் கீழே பலகையோ பளபளக்கும் அலுமினியத் தாளோ அடித்தால் சூடு குறையும் என்று அவருக்குத் தெரியும். அவரிடம் கொஞ்சம் பணமும் இருக்கிறது. ஆனால் வீடு தோட்டத்துடையது. “நாளைக்கு வேலைய விட்டா வீட்டயும் விடணும். கூரைய நான் செஞ்சு வச்சிட்டு யாருக்கு விட்டுட்டுப் போறது?” என்கிறார். தோட்டமோ, மின்கட்டணம் தொழிலாளி கட்டுவது தானே என்று கூரையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. செலவு செய்ய வேண்டியவர் ஒருவர், பயன் பெறுபவர் வேறொருவர். நடுவில் தகரம் காய்கிறது. பட்டணத்தில் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் இதே கதைதான்.

மூன்றாவது வீடு, தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோன ஒரு பழைய மாணவனின் வீடு. தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். சொந்த வீடு, கணவன் மனைவி இருவருக்கும் சம்பளம். போன வருடம் ஏர்கோன் வாங்கினான். “எது விலை குறைவு?” என்று மட்டும் கேட்டு வாங்கியிருக்கிறான். பெட்டியில் ஒட்டியிருந்த நட்சத்திரச் சீட்டை அவன் பார்க்கவில்லை; கடைக்காரரும் காட்டவில்லை. ஒரு குதிரைசக்தி ஏர்கோன் இரவு எட்டு மணி நேரம் ஓடினால் நான்கைந்து யூனிட் எடுத்துவிடும். மாதத்துக்கு 120 முதல் 150 யூனிட். அவன் வீட்டில் பணம் இருந்தது. வாங்கும் அந்த ஐந்து நிமிடத்தில் கவனம் இல்லை. வாங்கும்போது மிச்சம் பிடித்த இருநூறு முந்நூறு வெள்ளியைப் பத்து வருடம் பில்லில் திருப்பிக் கட்டப் போகிறான்.

நான்காவது வீடு, வசதியான ஓர் உறவினர் வீடு. நான்கு ஏர்கோன், இரண்டு ஐஸ்பெட்டி, ஆளில்லாத அறையிலும் விளக்கு. மாத பில் எவ்வளவு என்று கேட்டேன். “தெரியலையே, பேங்க்கிலேர்ந்து தானாப் போயிடுது” என்றார். இவருக்குப் பணமும் உண்டு, படிப்பும் உண்டு, சொந்த வீடும் உண்டு. பில் உறுத்தாததால் பார்ப்பதில்லை. மாற்றினால் அதிகம் மிச்சம் பிடிக்கக்கூடியவரும் இவர்தான்!

பார்த்தீர்களா? முதல் வீட்டுக்காரரிடம் போய் நட்சத்திரச் சீட்டைப் பற்றிப் பேசினேனே, அது மூன்றாவது வீட்டுக்குரிய மருந்து. ஒரு நோயாளிக்கு எழுதிய மருந்தை இன்னொருவருக்குக் கொடுத்தால் நோய் எப்படித் தீரும்? நான் செய்த தவறு அதுதான். அரசாங்கத்தின் நல்ல திட்டங்களும் சில வேளை இப்படித்தான் ஆகிவிடுகின்றன. 2011இல் ஐந்து நட்சத்திர ஐஸ்பெட்டிக்கு 200 வெள்ளி கழிவு கொடுத்தார்கள். 2021இல் நான்கு, ஐந்து நட்சத்திர ஐஸ்பெட்டிக்கும் ஏர்கோனுக்கும் 200 வெள்ளி என்று மீண்டும் வந்தது. நல்ல காரியம். ஆனால் 200 வெள்ளிக் கழிவைப் பெற, மீதிப் பணம் கையில் இருக்க வேண்டும். ஏற்கெனவே புதிது வாங்க நினைத்திருந்தவருக்கு அது கை கொடுத்தது. பழைய சாமான் கடை வாசலில் நின்றவரை அது எட்டவில்லை.

சரி, பேசியது போதும், என்ன செய்தோம் என்று சொல்கிறேன்.

முதலில், மின்சார அலுவலகத்துக்குப் போய் நிலுவையைத் தவணையில் கட்ட அனுமதி கேட்டோம். முதல் தவணைக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் சிலர் கை கொடுத்தார்கள். விளக்கு வந்தது. இ-காசே பட்டியலில் உள்ள மிக வறிய குடும்பங்களுக்கு மின்கட்டணத்தில் மாதம் 40 வெள்ளி வரை அரசு கழிவு கொடுத்து வந்திருக்கிறது. இந்தக் குடும்பம் அந்தப் பட்டியலில் இல்லை. உங்களுக்குத் தெரிந்து தகப்பன் இல்லாத வீடு, நோயாளி உள்ள வீடு இருந்தால், பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று மாவட்ட அலுவலகத்தில் விசாரித்துச் சொல்லுங்கள். படிவம் நிரப்பத் தெரியாமல் விட்டுப்போகும் உதவிகள் நம் மக்களிடையே ஏராளம்.

அடுத்து, யூனிட்டை யார் தின்கிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். பள்ளி விடுமுறையில் அந்தக் குடும்பம் உறவினர் கல்யாணத்துக்கு இரண்டு நாள் வெளியூர் போயிற்று. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஐஸ்பெட்டியை மட்டும் ஓடவிட்டு, மீட்டர் எண்ணை அந்தப் பிள்ளை நோட்டில் எழுதிக்கொண்டாள். திரும்பி வந்து பார்த்தால் ஏழு யூனிட் ஏறியிருந்தது! நாள் ஒன்றுக்கு மூன்றரை. மாதத்துக்கு 105. வீட்டில் ஆளே இல்லை. பெட்டியைத் திறக்கவும் இல்லை. வீட்டுப் பயன்பாட்டில் ஐந்தில் இரண்டு பங்கை அந்தப் பெட்டி ஒன்றே தின்றிருக்கிறது.

ஒரு காகிதத் துண்டை ஐஸ்பெட்டிக் கதவில் வைத்து மூடினேன். இழுத்தால் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு வந்தது. கதவைச் சுற்றியுள்ள ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. குளிர் வெளியே போக, சூடு உள்ளே வர, இயந்திரம் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொண்ட கதைதான். அதோடு பெட்டி அடுப்புக்குப் பக்கத்தில், சுவரோடு ஒட்டி நின்றது. பின்பக்கச் சூடு வெளியேற வழியில்லை.

பட்டணத்தில் பழுது பார்ப்பவர் ஒருவர் 70 வெள்ளிக்குப் புது ரப்பர் போட்டுத் தந்தார். பெட்டியை அடுப்பைவிட்டு நகர்த்தி, சுவருக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி விட்டோம். உள்ளே சுவராகக் கட்டியிருந்த பனிக்கட்டியைக் கரைத்து எடுத்தோம். சூடான குழம்பை ஆறவைத்த பிறகே உள்ளே வைப்பது என்று அந்த அம்மாள் விதி போட்டார். அடுத்த மாதக் கணக்கில் ஐஸ்பெட்டி நாளுக்கு இரண்டு யூனிட்டுக்கு வந்துவிட்டது. புதுப்பெட்டி இதைவிடவும் குறைவாகத்தான் எடுக்கும். ஆனால் ஆயிரம் வெள்ளி இல்லாதபோது எழுபது வெள்ளி செய்யக்கூடிய வேலையை ஏன் விட வேண்டும்?

பிறகு ஒரு மைலோ டின்னை எடுத்து மேலே ஓட்டை போட்டோம். பில் குறைந்த தொகையை அந்த மாதமே டின்னில் போட்டுவிட வேண்டும். இதுதான் முக்கியம், வாசகர்களே. மிச்சமானது கண்ணுக்குத் தெரியாமல் சாமான் கடைக் கணக்கில் கரைந்துபோனால், அடுத்த படி ஏற முடியாது. முதல் மாதப் பணத்தில் முன்னறைக்கு ஓர் எல்.இ.டி. விளக்கு. அடுத்த மாதம் சமையலறைக்கு. அதற்கடுத்த மாதம் பிள்ளை படிக்கும் அறைக்கு. சோறு வெந்ததும் குக்கரின் கம்பியைப் பிடுங்கிவிடுவது, கொதித்த தண்ணீரைத் தெர்மோஸில் ஊற்றி வைப்பது, அறையைவிட்டுப் போகும்போது காத்தாடியை நிறுத்துவது. இவற்றுக்குச் செலவே இல்லை. காத்தாடி அறையைக் குளிரவைப்பதில்லை. நம் உடம்பின் வேர்வையைத்தான் உலரவைக்கிறது. ஆளில்லாத அறையில் ஓடும் காத்தாடி யாருக்கும் பயனில்லை.

நான்காம் மாதம் பில் வந்தது. 185 யூனிட், முப்பத்தாறு வெள்ளி. ஐம்பத்தேழிலிருந்து முப்பத்தாறு! 200 யூனிட்டுக்குக் கீழே வந்ததால் சலுகையும் முழுமையாகக் கிடைத்தது. இருபத்தோரு வெள்ளி டின்னுக்குள் போயிற்று. ஐந்து நட்சத்திர ஐஸ்பெட்டிக்கு இன்னும் நெடுநாள் ஆகும். ஆனால் முதன்முறையாக அதற்கு ஒரு நாள் குறிக்க முடிகிறது.

இதைப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெண்கள், எல்லாரும் சேர்ந்து ‘கூட்டு’ கட்டி மாதம் ஒருவராக வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொன்னேன். கூட்டுப் பிடிப்பதைத் தொழிலாக நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. பிடித்தவர் பணத்தோடு மறைந்துபோய்க் குடும்பங்கள் கண்ணீர் விட்டதையும் நாம் பார்த்திருக்கிறோம். அவரவர் டின் அவரவர் வீட்டில் இருக்கட்டும். இல்லாவிட்டால் பதிவு பெற்ற கூட்டுறவுச் சங்கத்தில் சேமியுங்கள்.

கூட்டுறவு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1950களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரர்களின் தோட்டங்கள் துண்டு போட்டு விற்கப்பட்டபோது, நம் பாட்டன்மார் வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்தார்கள். அப்போது துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு 100 வெள்ளி. மொத்தமாகக் கொடுக்கப் பால்மரம் வெட்டுபவரிடம் ஏது? மாதம் பத்து வெள்ளியாகக் கொடுக்கலாம் என்றார்கள். அந்தப் பத்துப் பத்து வெள்ளி சேர்ந்துதான் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கிற்று. மொத்தப் பணம் என்ற பெரிய கதவை மாதப் பணம் என்ற சிறிய சாவியால் திறந்தார்கள். தோட்டத்தையே வாங்கிய மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஓர் ஐஸ்பெட்டி எட்டாமற்போகுமா? நம் கூட்டுறவுச் சங்கங்களும் தொழிற்சங்கமும் கோயில் நிர்வாகங்களும் இதை யோசிக்க வேண்டும். ஐந்து நட்சத்திரப் பெட்டியை வாங்கிக் கொடுத்து, மிச்சமாகும் தொகைக்கு ஒட்டிய சிறு தவணையாக, வட்டியின்றித் திரும்பப் பெற்றால், குடும்பத்தின் கையை அதிகம் கடிக்காது.

இரண்டாவது வீட்டுக்கு வருவோம். கூரை தோட்டத்துடையது என்றால், கேட்கும் இடமும் தோட்டம்தான். 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம், வீடு கொடுக்கும் முதலாளிக்கு அதைப் பழுதின்றி வைத்திருக்கும் கடமையையும் கொடுத்திருக்கிறது. ஒருவர் போய்க் கேட்டால் முணுமுணுப்பு. இருபது குடும்பம் கையெழுத்திட்டுக் கேட்டால் அது கடிதம். எங்கள் லயத்தார் தொழிற்சங்கக் கிளையின் வழியாக அப்படி ஒரு கடிதம் கொடுத்தார்கள். ஒழுகும் தகரத்தை எப்படியும் மாற்றத்தானே போகிறீர்கள், மாற்றும்போது அடியில் அலுமினியத் தாளும் அடித்து, மேலே வெள்ளைச் சாயமும் பூசித் தாருங்கள் என்று எழுதினோம். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். பளபளக்கும் தாள், நடுவில் காற்று இடைவெளி இருந்தால், சூட்டைக் கீழே இறங்கவிடாது. தோட்ட நிர்வாகம் ஒரு வரிசைக்கு மட்டும் செய்து தர ஒப்புக்கொண்டது. மற்ற வரிசைகள் அடுத்த ஆண்டுச் செலவுக் கணக்கில் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். கடிதத்தின் நகலைப் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

மூன்றாவது வீட்டுத் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. 2013இல் வந்த விதிமுறையின்படி ஐஸ்பெட்டி, ஏர்கோன், தொலைக்காட்சி, காத்தாடி, விளக்கு ஆகியவற்றுக்கு மின்சிக்கனத் தரம் கட்டாயமாயிற்று. அந்தச் சீட்டில் நட்சத்திரம் இருக்கும். ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்ற எண்ணும் இருக்கும். விலைச்சீட்டைப் பார்க்கும் அதே கண்ணால் அந்த எண்ணையும் பாருங்கள். இரண்டு பெட்டிகளுக்கு இடையே உள்ள யூனிட் வித்தியாசத்தைப் பத்து வருடத்தால் பெருக்கி, உங்கள் யூனிட் விலையாலும் பெருக்கிப் பாருங்கள். அதுதான் உண்மை விலை. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் ஏர்கோனை 24 டிகிரியில் வைத்து, காத்தாடியையும் மெல்ல ஓடவிடுங்கள். வடிகட்டியை மாதம் ஒரு முறை கழுவுங்கள்.

நான்காவது வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் பில்லை இந்த மாதம் ஒரு முறையாவது திறந்து பாருங்கள். ஐஸ்பெட்டியை மாற்றும்போது, பழையதை உபகாரம் என்று நினைத்து இல்லாதவர் வீட்டுக்குத் தள்ளிவிடாதீர்கள். கொடுப்பதென்றால் கதவு ரப்பரைச் சோதித்து, பழுது பார்த்துக் கொடுங்கள். தானமாகக் கொடுத்த பொருள் மாதா மாதம் அவர்கள் சம்பளத்தைத் தின்றால், அந்தத் தானத்தால் யாருக்கு என்ன நன்மை?

அந்தப் பிள்ளையைப் பற்றிக் கேட்பீர்கள். இப்போது இரவில் வீட்டிலேயே படிக்கிறாள். மீட்டர் எண்ணை ஞாயிறு தோறும் நோட்டில் எழுதுவது அவள் வேலை. தகப்பனார் சிறு வேலைகளுக்குப் போகத் தொடங்கியிருக்கிறார். ஆனால் பள்ளி விட்ட பிறகு மூன்று மணி வரைக்கும் இன்னும் எங்கள் தாழ்வாரத்துக்கே வந்து உட்காருகிறாள். கேட்டதற்கு, “எங்க வரிசைக்கு இன்னும் கூரை மாத்தலையே டீச்சர், பகல்ல வீட்டுக்குள்ள இருக்க முடியல” என்றாள். அவள் சொல்வது சரி. மைலோ டின்னால் ஐஸ்பெட்டியைத்தான் சரிசெய்ய முடிந்தது. கூரைக்கு இன்னொருவர் கை வேண்டியிருக்கிறது. நாங்கள் இரண்டாவது கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

நீங்கள் இருப்பது எந்த வீடு? முதலாவதா, நான்காவதா? இன்றிரவு ஒரு காகிதத் துண்டை எடுத்து உங்கள் ஐஸ்பெட்டிக் கதவில் வைத்து இழுத்துப் பாருங்கள். உங்கள் வீட்டு மீட்டர் என்ன சொல்கிறது என்று எனக்கு எழுதுங்கள். உங்கள் லயத்தில் கூரைக்குக் கடிதம் கொடுத்து வென்றிருந்தால், அதை எப்படிச் செய்தீர்கள் என்று அவசியம் எழுதுங்கள், எங்களுக்கு உதவும்.

அடுத்த இதழில் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் தோட்டத்து டீச்சர்